வேலைக்குத் திரும்பும் அம்மாவின் ஃப்ரீசர் கணக்கு

பிரசவ விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது பலருக்கும் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. ஃப்ரீசர் நிறையப் பால் சேர்த்துவிட வேண்டும்! இன்ஸ்டாகிராமில் யாரோ ஒரு பெண் தட்டுத் தட்டாகப் பால் பைகளை அடுக்கிப் படம் போட்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒருவர் நடுராத்திரியில் தூக்கத்தைத் தொலைத்துப் பம்பும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அவ்வளவு பால் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சுமாராக 750, 800 மில்லி குடிக்கும். மணிக்கு 30 மில்லியைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒன்பது மணிநேர வேலை, போக வர இரண்டு மணிநேரம் என்றால் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்கு 350லிருந்து 400 மில்லி வேண்டும். இது முதல் நாளுக்கு. பம்ப் பழுதானால், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், மீட்டிங் இழுத்தால் என்று இன்னும் ஒன்றரை நாளுக்கானதைச் சேர்த்தால் மொத்தம் ஒரு லிட்டர். அரை லிட்டர் ஆவின் பாக்கெட் இரண்டு, அவ்வளவுதான். விடுப்பின் கடைசி மூன்று வாரங்களில் காலையில் முதல் பால் கொடுத்து முடித்த பிறகு ஒருமுறை எடுத்து வைத்தால் இது தானாகச் சேர்ந்துவிடும்.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஓட வேண்டியது ஒரு சுழற்சி. திங்கட்கிழமை ஆபீஸில் எடுத்த பால் செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு. வெள்ளிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமைக்கு. இடையில் ஃப்ரிட்ஜ் மட்டும் போதும், ஃப்ரீசர் வேண்டாம். இதைச் சோம்பேறி வழி என்று நினைக்காதீர்கள். பாலுக்கும் இதுவே நல்லது. புதிதாக எடுத்த பாலில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. கிருமிகளை வளரவிடாமல் தடுக்கும் புரதங்களும் இருக்கின்றன. ஃப்ரீசரில் வைத்ததும் அந்தச் செல்கள் செத்துவிடும், தடுக்கும் சக்தி குறையும், நாள் ஆக ஆக வைட்டமின் சியும் குறையும். அதற்காக உறைந்த பால் மட்டமானது என்று பொருள் இல்லை, பவுடர் பாலைவிட அது எப்போதும் மேல். ஆனால் ஃப்ரிட்ஜில் நேற்றைய பால் இருக்கும்போது ஃப்ரீசரில் கைவைக்க வேண்டாம்.

சுழற்சி ஓட வேண்டுமானால் ஆபீஸில் பால் எடுத்தாக வேண்டும். அதற்கு நேரமும் இடமும் கேட்டு வாங்க வேண்டும். திரும்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மேலதிகாரிக்கும் எச்.ஆருக்கும் ஒரு மெயில் போடுங்கள். வாய்ப்பேச்சில் விட வேண்டாம். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று அதே சட்டம் 1961 முதலே சொல்லிவருவது பலருக்குத் தெரியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அங்கே தாய் நாளைக்கு நான்கு முறை போய்வரலாம் என்பதும் 2017 திருத்தத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. வேலையின் தன்மை இடம்கொடுத்தால் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்வதுபற்றி நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

பம்ப் வைத்துப் பால் எடுப்பதற்கு என்று சட்டத்தில் தனி வரி இல்லை. அதைச் சொல்லிச் சில நிறுவனங்கள் நழுவப் பார்க்கும். குழந்தை அருகில் இல்லாதபோது பாலூட்டும் இடைவேளையை வேறெப்படிப் பயன்படுத்துவது என்று திருப்பிக் கேளுங்கள். மெயிலில் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய அறை, ஒரு நாற்காலி, பிளக் பாயிண்ட், பக்கத்தில் கை கழுவத் தண்ணீர், ஃப்ரிட்ஜில் ஒரு மூலை. கழிவறையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தையின் சாப்பாட்டை அங்கே தயார் செய்ய முடியாது என்று ஒரே வரியில் சொன்னால் போதும், விளக்கமெல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2015லிருந்து பேருந்து நிலையங்களில்கூடப் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. ஏ.சி. போட்ட ஏழு மாடிக் கட்டடத்தில் ஓர் அறை கிடைக்காதா என்ன?

எல்லோருக்கும் ஏ.சி. கட்டடம் வாய்ப்பதில்லை. துணிக்கடையில் நிற்பவர், பள்ளி ஆசிரியர், பனியன் கம்பெனியில் தைப்பவர், இவர்களுக்கு ஃப்ரிட்ஜும் கிடையாது, கதவடைத்த அறையும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, கையால் பால் எடுக்கப் பழகிக்கொள்வது. கரண்ட் வேண்டாம், சத்தம் வராது, காசும் செலவில்லை. பிரசவ வார்டு நர்ஸிடம் கேட்டால் சொல்லித் தருவார். கொதிநீரில் போட்டு எடுத்த வாயகன்ற எவர்சில்வர் கிண்ணம் போதும். இன்னொன்று, ஐஸ் பேக் வைக்கும் கூலர் பை. நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகள் பாட்டிலை ஒட்டியபடி இருந்தால் அதில் பால் 24 மணிநேரம் வரை தாங்கும். பையை அடிக்கடி திறக்காமல் இருக்க வேண்டும்.

ஆபீஸில் எத்தனை தடவை எடுப்பது? மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை. வீட்டில் குழந்தை குடிக்கும் நேரமும் ஏறத்தாழ அதுதான். காலண்டரில் அந்த நேரத்தை மறித்துவிடுங்கள், காரணம் எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை தவறினால் குடிமுழுகிப் போகாது. தினமும் தவறினால் பால் கட்டிக்கொள்ளும், வலிக்கும், காய்ச்சலில் போய் நிற்கும். அதோடு உடம்பு தேவை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பாலையும் குறைத்துவிடும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். பம்பில் பால் படும் பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். ஆபீஸ் சிங்க்கில் நேராகப் போட்டுவிடாமல் அதற்கென்று ஒரு சின்ன பேசின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செட் பாகங்கள் இருந்தால் அவசரம் குறையும். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகாதிருந்தாலோ, குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, தினமும் ஒருமுறை கொதிக்கவைத்து எடுப்பதும் அவசியம். எடுத்த பாட்டிலைப் பெயர் எழுதிய டப்பாவுக்குள் வைத்து ஆபீஸ் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். மற்றவர்களின் தயிர் சாதத்தோடு இதுவும் உணவுதான், தனி ஃப்ரிட்ஜ் தேவையில்லை.

இனி நேரக் கணக்கு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தரும் எண்களைத்தான் உலகம் முழுக்கப் பலரும் பின்பற்றுகிறார்கள். புதிதாக எடுத்த பால் 25 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ உள்ள அறையில் நான்கு மணிநேரம், 4 டிகிரி ஃப்ரிட்ஜில் நான்கு நாள், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஆறு மாதம் இருக்கலாம். ஃப்ரீசரில் பன்னிரண்டு மாதம் வரை கெடாது என்றாலும் ஆறுக்குள் முடிப்பது நல்லது. எண்கள் சரி, ஆனால் அவை எந்த வீட்டுக்கு எழுதப்பட்டவை என்று பாருங்கள். சென்னையில் மே மாதம் 25 டிகிரி அறை எங்கே இருக்கிறது? ஏ.சி. இல்லாத இடத்தில் அந்த நான்கு மணிநேரத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். எடுத்த கையோடு குளிரில் வைத்துவிடுங்கள்.

ஃப்ரீசர் விஷயமும் அப்படித்தான். நம் வீடுகளில் பாதிக்கு மேல் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள் மேலே இருக்கும் சின்னப் பெட்டி, ஒவ்வொரு தடவை தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதும் வெக்கையை வாங்கிக்கொள்கிறது. அது மைனஸ் 18ஐ நிலையாகப் பிடித்துவைக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டிக்கு இரண்டு வாரம் என்பது பழைய வழிகாட்டிகளில் இருந்த கணக்கு. நான் அதையே பரிந்துரைப்பேன். தனிக் கதவுள்ள இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் மூன்றிலிருந்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம். எந்த ஃப்ரிட்ஜானாலும் கதவில் உள்ள தட்டில் தாய்ப்பாலை வைக்கக் கூடாது. முட்டை, ஊறுகாய் எல்லாம் அங்கே இருக்கட்டும்.

உறையவைக்கும்போது சிறு சிறு அளவாக, 60 மில்லி, அதிகம் போனால் 120 மில்லி என்று பிரித்து வையுங்கள். உறையும்போது பால் விரியும் என்பதால் மேலே ஓர் அங்குலம் இடம் விட வேண்டும். கண்ணாடி பாட்டில், பி.பி.ஏ. இல்லாத கெட்டி பிளாஸ்டிக், இதற்கென்றே விற்கும் பால் பைகள், இவை எதுவானாலும் சரி. மளிகைக் கடை கவரிலோ சாதாரண ஜிப் பையிலோ ஊற்றாதீர்கள். பையில் ஊற்றும் முன்பே மார்க்கரால் தேதி, அளவு எழுதிவிடுங்கள், ஊற்றிய பின் ஈரத்தில் எழுத வராது. பையைப் படுக்கவைத்துத் தட்டையாக உறையவிட்டால் பிறகு சீக்கிரம் இளகும். உறைந்த பாலின் மேல் சூடான புதுப் பாலை ஊற்றக் கூடாது. புதியதை ஃப்ரிட்ஜில் குளிரவைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நான்கு நாளுக்குள் பயன்படுத்தமாட்டோம் என்று தெரிந்தால் நான்காம் நாள்வரை காத்திருக்காமல் முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. பால் வீணாவதும் குழந்தைக்கு வயிறு கெடுவதும் பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். உறைந்த பாலை இளக்குவது நீங்கள் அல்ல. அந்த நேரத்தில் நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். அதைச் செய்யப்போவது மாமியார், அம்மா, அல்லது பார்த்துக்கொள்ள வரும் ஆயா. அவர்கள் ஆயுள் முழுக்கப் பழகிய பால் வேறு. பால் என்றால் காய்ச்ச வேண்டும், பொங்கி வரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும், மிச்சமிருந்தால் மறுபடி சுடவைக்க வேண்டும். பசும்பாலுக்கு இது நல்ல பழக்கம். தாய்ப்பாலுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. அடுப்பில் வைத்தால் நோய் எதிர்ப்புப் புரதங்கள் போய்விடும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் குளிர்ந்தும் இன்னொரு பக்கம் கொதித்தும் இருக்கும். மேல்பக்கம் தொட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியும், குழந்தையின் வாய் வெந்துவிடும்.

இளக்குவதற்குச் சிறந்த வழி அவசரமே இல்லாதது. முந்தின இரவு ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது. காலைக்குள் இளகிவிடும். முழுதாக இளகியதிலிருந்து 24 மணிநேரம் ஃப்ரிட்ஜில் இருக்கலாம் என்பது விதி. எப்போது முழுதாக இளகியது என்று யார் காவல் காப்பது? இரவு ஒன்பதுக்கு இறக்கினால் மறுநாள் இரவு ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. இந்த இறக்கும் வேலையைக் குழந்தையின் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். பழைய தேதி எதுவோ அதை முதலில் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

திடீரென்று வேண்டுமென்றால், ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, மூடிய பையையோ பாட்டிலையோ அதில் நிற்க வைக்க வேண்டும். மூடி தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் ஆறினால் மாற்றலாம். தட்டையான 60 மில்லிப் பை சில நிமிடங்களில் இளகிவிடும். குழாய்த் தண்ணீரில் காட்டினாலும் சரி. சமையலறை மேடையில் போட்டுவிட்டு மறந்துபோவது மட்டும் கூடாது. நம் வெயிலில் ஓரங்கள் சூடாகிக் கிருமி வளர ஆரம்பித்த பிறகும் நடுவில் கட்டி இருக்கும். இளகிய பால் வெளியில் ஒன்று, இரண்டு மணிநேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது.

இளகிய பாலைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடிய முதல் வார்த்தை, "திரிஞ்சு போச்சு". மேலே வெண்ணெய் போல ஓர் அடுக்கும் கீழே நீலம் பாய்ந்த தண்ணீர் மாதிரியும் இருக்கும். அது திரிந்ததல்ல, கொழுப்பு பிரிந்து மேலே வந்திருக்கிறது. பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். கலந்த பிறகும் திப்பி திப்பியாக நின்று புளித்த வாடை அடித்தால்தான் கெட்டது. இதைத் தெரிந்துகொள்ளாததால் சிங்க்கில் கொட்டப்பட்ட நல்ல பால் எவ்வளவோ.

வாடையில் இன்னொரு வகை உண்டு. சிலருடைய பாலை ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் சோப்பு வாடையோ உலோக வாடையோ வரும். பாலில் கொழுப்பைச் செரிக்கும் லிபேஸ் என்கிற நொதி குளிரிலும் மெல்ல வேலை செய்வதை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பால் பாதுகாப்பானது. பல குழந்தைகள் கண்டுகொள்ளாமல் குடித்துவிடும், சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் ஒரு லிட்டரையும் சேர்த்து முடித்த பிறகு இது தெரியவருவதைவிட, முதல் பையை ஒரு வாரம் கழித்து இளக்கிக் குடிக்கக் கொடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். குழந்தை ஒத்துக்கொள்ளாவிட்டால், இனி எடுக்கும் பாலை உறையவைக்கும் முன் ஓரத்தில் சிறு குமிழி கட்டும்வரை மட்டும் சூடாக்கி, உடனே ஆறவைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். அடுப்பு ஆகாது என்றேனே, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. கொஞ்சம் சத்து போகும், வேறு வழியில்லை. ஏற்கெனவே வாடை வந்த பாலைச் சூடாக்குவதில் பயனில்லை.

கொடுக்கும் விதத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. பாலாடை, சில வீடுகளில் சங்கு. புட்டியின் ரப்பரைக் கழுவிக் கொதிக்கவைப்பதைவிட வாயகன்ற பாலாடையைக் கழுவுவது எளிது. புட்டியில் பழகிய குழந்தை மார்பில் குடிக்க அடம்பிடிக்கும் தொல்லையும் குறைவு. குழந்தையின் தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டோரம் வைத்து, அது உறிஞ்ச உறிஞ்ச விட வேண்டும். படுக்கவைத்து ஊற்றக் கூடாது. வெதுவெதுப்பாக்கிய பாலை இரண்டு மணிநேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். குழந்தை வாய் வைத்த மிச்சமும் அந்த இரண்டு மணிநேரம்தான், பிறகு கொட்டிவிட வேண்டும். அதனால் முதலில் 60 மில்லி மட்டும் வெதுவெதுப்பாக்கட்டும், போதாவிட்டால் இன்னொரு 60. கொட்டும்போது வருத்தப்படவும் கூடாது, அவர்களைக் குறை சொல்லவும் கூடாது. குறை சொன்னால் அடுத்த தடவை கொட்டாமல் மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் பாதிதான் நிற்கும். ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். உத்தரவு மாதிரி இல்லாமல், பேசுகிற மாதிரி:

"அத்தை, கீழ்த்தட்டுல நீல டப்பாவுல இருக்கிறதுதான் இன்னிக்குப் பால். அது முடிஞ்ச பிறகு மட்டும் ஃப்ரீசர்ல இருந்து எடுங்க, பழைய தேதி முதல்ல. அடுப்புல வைக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணிக் கிண்ணத்துல வெச்சா போதும். ரெண்டா பிரிஞ்சு தெரிஞ்சா பயப்படாதீங்க, மெதுவா சுத்துங்க. மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டுக் கொடுங்க. பாப்பா குடிச்ச மிச்சத்தைக் கொட்டிடுங்க, பரவாயில்லை. சந்தேகமா இருந்தா உடனே போன் பண்ணுங்க."

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் ஒத்திகை பார்த்துவிடுங்கள். நீங்கள் கடைக்குப் போய்விடுங்கள், அவர்கள் தனியாகச் செய்யட்டும். பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். எடுத்து வைத்த பாலைக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். குழந்தையின் டாக்டரிடம் கூட்டிப்போய் அவர் வாயால் கேட்கவைப்பது சுலபம். குறைமாதக் குழந்தை, மருத்துவமனையில் இருக்கும் குழந்தை என்றால் மேலே சொன்ன எண்களையும் விட்டுவிட்டு டாக்டர் சொல்லும் நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரக் கணக்கு இதைவிடக் கடுமையாக இருக்கும்.

கரண்ட் கட் ஆனால்? மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளில் ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தாலே பெரும்பாலும் தாங்கிவிடும். காலியாக இருக்கும் இடத்தில் ஐஸ் பேக்குகளை நிரப்பி வைத்தால் குளிர் இன்னும் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் பையை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஐஸ் துகள்கள் இன்னும் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுக்க இளகி, ஆனால் சில்லென்று இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சில்லிப்பும் போயிருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவும் ஃப்ரீசரில் பத்து லிட்டர் சேர்த்து வைக்காதீர்கள்.

சிலருக்கு உண்மையாகவே பால் மிஞ்சும். வாட்ஸ்அப் குழுவில் கேட்கும் முகம் தெரியாதவருக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். விற்பது பற்றி நினைக்கவும் வேண்டாம், தாய்ப்பாலை வணிகமாக்க அனுமதியில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 மே மாதம் தெளிவாகவே அறிவித்தது. இந்தியாவில் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய தாய்ப்பால் வங்கி, இன்று தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அங்கே தருபவரைப் பரிசோதித்து, பாலைப் பதப்படுத்தி, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். போகும் முன் போன் செய்து, எப்படி எடுத்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முடிந்து குழந்தை கூழும் பருப்புச் சாதமும் சாப்பிட ஆரம்பித்ததும் பகல் பாலின் அளவு தானாகக் குறையும். ஆபீஸில் மூன்று தடவை எடுத்தது இரண்டாகும், பிறகு ஒன்றாகும். ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் பால் கட்டாது. ஃப்ரீசரில் மீதமிருக்கும் பைகளைத் தேதி தாண்டும் முன் இளக்கி, ஆறிய கேழ்வரகுக் கூழில் கலந்து ஊட்டிவிடலாம். 15 மாதம் வரை அந்த இரண்டு இடைவேளையும் சட்டப்படி உங்களுடையவை என்பதால், பம்பை அலமாரியில் வைத்துவிட்ட பிறகும் காலண்டரில் மறித்த நேரத்தை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.